ஏழு கேள்விக்குறி என்றால் முருகன்

ஜாவா கற்றுக்கொண்டு வேலைக்கு வந்த புதிதில், ஒரு நூல் வியாபாரிக்குப் பாக்கிக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். டேட்டாபேஸ் வேண்டாம் என்று முடிவானது. பெயர், ஊர், தொகை மூன்றும் ஒரு வரியாக டெக்ஸ்ட் ஃபைலில் விழும். ஃபைலில் எழுத ஜாவா தரும் ஃபைல்ரைட்டர் ஆப்ஜெக்ட் ஒன்று, அதைச் சுற்றி, எழுதுவதைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபர்டுரைட்டர், கடைசியில் க்ளோஸ். ஃபைல்ரைட்டருக்கு இரண்டாவது ஆர்க்யுமென்டாக 'ட்ரூ' கொடுக்காவிட்டால் பழைய ஃபைல் துடைத்துக்கொண்டு போய்விடும் என்பதும் ஞாபகம் இருந்தது. அதில் கொஞ்சம் பெருமை வேறு.

என் லினக்ஸில் ஓடியது. கடையின் விண்டோஸிலும் அன்று முழுக்க ஓடியது. மறுநாள் காலையில் போன்: "தம்பி, பேரெல்லாம் கேள்விக்குறியா நிக்குதுங்க. தொகை மட்டும் சரியா இருக்கு."

ஃபான்ட் கோளாறு என்று நினைத்து, பென்டிரைவில் ஃபான்டோடு போய் நின்றேன். ஃபைலை பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்ததும் வயிறு கலங்கிவிட்டது. எழுத்தைப் பைட்டாக மாற்றும் முறைக்கு என்கோடிங் என்று பெயர். தமிழும் எழுதத் தெரிந்த யூடிஎஃப்-8 என்கோடிங்கில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் வேண்டும். அங்கே குறிக்கு ஒரு பைட்தான், எல்லாம் 3எஃப். அசல் கேள்விக்குறியேதான்.

அப்போது ஜாவா 8. ஃபைல்ரைட்டரிடம் என்கோடிங் சொல்லவே வழியில்லை. கணினியின் இயல்பு என்கோடிங்கை அதுவாக எடுத்துக்கொள்ளும். அந்த விண்டோஸில் அது 1252, மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கானது. அதில் தமிழ் இல்லை என்றால் எக்செப்ஷன் (பிழை அறிவிப்பு) வரவேண்டாமோ? வராது, சத்தமில்லாமல் '?' எழுதிவிட்டுப் போகும். முதல் நாள் திரையில் தெரிந்த பெயர்களெல்லாம் மெமரியில் இருந்தவை. தப்பான என்கோடிங்கில் படித்தால் ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது, சரியானதில் திரும்பப் படிக்கலாம். எழுதும்போது தப்பினால் போனது போனதுதான்.

என்கோடிங் சொல்ல இடம் தரும் அவுட்புட்ஸ்ட்ரீம்ரைட்டருக்கு மாற்றி யூடிஎஃப்-8 என்று எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. (2022இல் ஜாவா 18 வந்தபிறகுதான் யூடிஎஃப்-8 எல்லாக் கணினிக்கும் இயல்பானது. எனக்கு ரொம்பத் தாமதம்.)

பெயர்களை மீட்க முழு நாள் பிடித்தது. முதலாளி பக்கத்தில் ரசீதுக் கட்டோடு உட்கார்ந்தார். ரசீது கிடைக்காத வரிகளுக்குக் கேள்விக்குறியை எண்ணினோம். புள்ளிக்கும் உகரத்துக்கும் தனித்தனிக் குறி என்பதால் முருகனுக்கு ஏழு. ஆறு என்றால் செல்வியா, குமாரா? முதலாளி தொகையைப் பார்த்தார்.

"குமாருன்னு போடுங்க தம்பி. இவ்வளவு பாக்கி வேற யாரு வெப்பா?"