பாலம் முடிவதற்குள் கணக்கு

எங்கள் ஊர் அரசு பஸ்ஸின் நம்பர் பிளேட்டைக் கவனித்திருக்கிறீர்களா? டி.என். 63 என்று இருக்கும். ராமநாதபுரம் மாவட்டத்துக்கு உரிய எண் 65. எதிரே வரும் தனியார் பஸ், மீன் லாரி, எங்கள் தெரு ஆட்டோ எல்லாம் 65தான். அரசு பஸ் மட்டும் 63. அது சிவகங்கை மாவட்டத்து எண். எங்கள் பஸ்ஸுக்கு மண்டல ஆபீஸ் காரைக்குடியில் இருக்கிறது, வண்டிகள் அந்தப் பக்கம் பதிவாகின்றன, அவ்வளவுதான் விஷயம். பஸ்ஸின் பக்கவாட்டில் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பெயருக்குப் பக்கத்தில் கும்பகோணம் என்று வேறு எழுதியிருக்கும். உச்சிப்புளியில் ஏறி ராம்நாட்டில் இறங்குகிற எனக்கும் கும்பகோணத்துக்கும் வெற்றிலையைத் தவிர ஒரு சம்பந்தமும் கிடையாது.

இதை அப்பாவிடம் சொன்னால் சிரிப்பார். அவர் இந்தப் பஸ்களில் முப்பத்து மூன்று வருடம் கண்டக்டர். 1977ல் சேர்ந்தபோது முதலாளி மதுரையில் இருந்தார். பாண்டியன் போக்குவரத்துக் கழகம். எண்பதுகளில் அதிலிருந்து பிரித்து மருது பாண்டியர் போக்குவரத்துக் கழகம் என்று காரைக்குடியில் வைத்தார்கள். 1997ல் அந்தப் பெயரும் போனது. கடைசியில் ரிட்டயர்மென்ட் பேப்பரில் இருந்தது கும்பகோணம். "நான் எங்கயும் போகல ஆத்தா, அதே ராமேஸ்வரம் வண்டிதான். ஹெட் ஆபீஸ்தான் கடலை விட்டு தள்ளித் தள்ளிப் போச்சு" என்பார்.

கொஞ்சம் பின்னால் போனால்தான் இது புரியும். 1972 வரைக்கும் தமிழ்நாட்டில் பஸ் என்றால் பெரும்பாலும் தனியார் பஸ்தான். அந்த வருடம்தான் அரசு பெரிய கம்பெனிகளின் பஸ்களை எடுத்துக்கொண்டு கழகங்களை ஆரம்பித்தது. சென்னைக்குப் பல்லவன், மதுரைக்குப் பாண்டியன், கோவைக்குச் சேரன், கும்பகோணத்துக்குச் சோழன். அப்புறம் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிரித்து, ராஜாக்கள் தீர்ந்தபோது கட்டபொம்மன், மருது பாண்டியர் என்று வீரர்களின் பெயரை வைத்தார்கள். ஊருக்கு ஒரு தலைவர், தலைவருக்கு ஒரு சாதி என்று ஆகிப்போன காலத்தில் விருதுநகரில் புதிதாக ஒரு கழகத்துக்கு, தேவேந்திரகுல வேளாளர்கள் கொண்டாடுகிற கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். வேறு சாதிக்காரர்கள் எதிர்த்தார்கள். தென் மாவட்டங்களில் கலவரம். அதோடு மாவட்டங்களுக்கும் கழகங்களுக்கும் இருந்த தலைவர் பெயர்கள் அத்தனையையும் அரசு எடுத்துவிட்டது. அந்த வருடம் டிப்போவில் பெயின்டர்கள் வரிசையாக உட்கார்ந்து மருது பாண்டியரை அழித்துக்கொண்டிருந்ததை அப்பா சாப்பாட்டுக்கு நடுவே சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு வண்டியில் அவசரமாக அடித்த பெயின்டுக்கு அடியில் 'மருது' மட்டும் ரொம்ப நாள் தெரிந்துகொண்டே இருந்ததாம்.

பெயர் எதுவானாலும் இங்கே யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆறரை வண்டி, புதுமடம் வண்டி, கவர்மெண்ட் வண்டி. அவ்வளவுதான்.

அப்பா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ராமேஸ்வரத்துக்கு நேரடி பஸ் கிடையாது என்று என் பையனிடம் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறான். ரோடு மண்டபத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேல் கடல். தீவுக்குப் போக 1914ல் திறந்த ரயில் பாலம் ஒன்றுதான் வழி. பஸ்ஸில் வந்தவர்கள் மண்டபத்தில் இறங்கி, மூட்டை முடிச்சோடு ரயிலுக்குக் காத்திருந்து பாம்பன் போக வேண்டும். காசிக்குப் போய்விட்டு வருகிற வடநாட்டுக்காரர்கள் மண்டபத்தில் இறங்கியதும் கோயில் கோபுரத்தைத் தேடுவார்களாம். ஹிந்தி தெரியாத அப்பா கடலைக் காட்டி, ரயில் மாதிரி கையை ஆட்டிக் காட்டுவாராம்.

ரோடு பாலத்துக்கு 1974ல் அடிக்கல் நாட்டினார்கள். திறந்தது 1988 அக்டோபர் 2. பதினாலு வருடம்! ராமர்கூட அதற்குள் வனவாசம் முடித்துவிட்டார். ராஜீவ் காந்தி வந்து திறந்தார், அவர் அம்மாவின் பெயரையே பாலத்துக்கு வைத்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. கொஞ்ச நாள் கழித்து அப்பா டூட்டியிலேயே எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். அம்மாவுக்கும் எனக்கும் முறையாக டிக்கெட் கிழித்து, தன் சட்டைப் பையிலிருந்து காசை எடுத்துத் தோல் பைக்குள் போட்டுக்கொண்டார். வீட்டுக்காரிக்கே டிக்கெட்டா என்று பின் சீட்டில் யாரோ கேலி செய்தார்கள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

பஸ் பாலத்தில் ஏறியதும் எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள். இடது பக்கம் கீழே ரயில் பாலம், தூண்களுக்கு நடுவே பச்சையும் நீலமுமாகத் தண்ணீர், புள்ளி புள்ளியாகப் படகுகள். நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா மட்டும் கம்பியில் முதுகைச் சாய்த்துக் கணக்குத் தாளில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். வெளியே பார்க்கவே இல்லை. கேட்டதற்கு, "பாலம் முடியுறதுக்குள்ள கணக்கு முடியணும்" என்றார். இரண்டேகால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, நடுவில் ஸ்டாப் கிடையாது, ஏறுவார் இறங்குவார் கிடையாது. ராம்நாட்டிலிருந்து பட்டணம்காத்தான், வழுதூர், உச்சிப்புளி, வேதாளை என்று நிறுத்தி நிறுத்தி வருகிற கண்டக்டருக்கு மூச்சு விட இந்த ஒரு இடம்தான். ஊரெல்லாம் பார்க்க வருகிற கடலுக்கு முதுகைக் காட்டியே அவர் ஆயிரக்கணக்கான தடவை அந்தப் பாலத்தைக் கடந்திருக்கிறார்.

ராமேஸ்வரம் வண்டி தவிர அவர் பார்த்தது ஹால்ட் பஸ். கடலோர ஊர்களில் இருந்தவர்களுக்கு இது தெரியும். ராத்திரி கடைசி நடை ஊருக்குள் வந்து அங்கேயே படுத்துவிடும். டிரைவரும் கண்டக்டரும் பஸ்ஸிலேயே தூங்கி, விடிகாலையில் முதல் நடை எடுப்பார்கள். மழை இல்லாத நாளில் கொசுவுக்குப் பயந்து பஸ் கூரையில் படுக்கை. கடற்காற்று வந்தால் தூக்கம், நின்றால் இல்லை. ஊர்க்காரர்கள் வீட்டிலிருந்து குழம்பு வரும். அப்பா இன்றைக்கும் எங்கள் வீட்டுச் சூடை மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு "ஹால்ட் ஊர்க் குழம்பு மாதிரி இல்ல" என்று சொல்லி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்.

முதல் நடை மீன்கார அம்மாக்களின் நடை. கூடையும் அலுமினியச் சட்டியுமாக ஏறுவார்கள். முன்னால் ஏறினால் மற்றவர்கள் சத்தம் போடுவார்கள் என்பதால் பின் படிக்கட்டுப் பக்கம்தான் கூடைகள். கூடைக்கு அடியில் சாக்கு போட வேண்டும், ஐஸ் தண்ணீர் சொட்டக்கூடாது. இதெல்லாம் அப்பாவும் அவர்களும் பேசி வைத்துக்கொண்ட சட்டம். "கண்டக்டர் தம்பி, வல இன்னும் வரல, அஞ்சு நிமிசம்" என்று ஒரு அம்மா ஓடி வந்து சொன்னால் டிரைவர் அண்ணன் டயரைத் தட்டிப் பார்க்கிற சாக்கில் ஐந்து நிமிடம் கடத்துவாராம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம் வந்தால் அந்த நடையில் வசூல் பாதியாகிவிடும். முன்பு 45 நாள், 2017லிருந்து 61 நாள், ஏப்ரல் 15ல் ஆரம்பித்து ஜூன் 14 வரைக்கும். காலண்டரைப் பார்க்காமல் தோல் பையின் கனத்தை வைத்தே இது என்ன மாசம் என்று சொல்லிவிடுவேன் என்பார் அப்பா. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு அதே பை தோளை இழுக்கும். சேதுக்கரை, தேவிபட்டினம், ராமேஸ்வரம் மூன்றுக்கும் ஸ்பெஷல் பஸ் விடுவார்கள். ஈர வேட்டியோடு ஏறுகிற கூட்டம். ஏர்வாடி சந்தனக்கூடு என்றால் விடிய விடிய வண்டி.

சரி, இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் ராம்நாட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். தினமும் உச்சிப்புளியிலிருந்து போய் வர வேண்டும். 2021 மே மாதம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று அறிவித்தார்கள். அப்புறம் அதற்கு விடியல் பயணம் என்று பெயர் வந்தது. எங்கள் ரோட்டின் சிக்கல் என்னவென்றால், மதுரை–ராமேஸ்வரம் வண்டிகள் அடுத்தடுத்து வரும், அதில் காசு உண்டு. காசில்லாத டவுன் பஸ் அதன் நேரத்துக்குத்தான் வரும். அதனால் ஸ்டாப்பில் நிற்கிற ஒவ்வொரு பெண்ணும் மனசுக்குள் ஒரு கூட்டல் கழித்தல் போடுவாள். காலையில் நேரமாகிவிட்டால் காசு, சாயங்காலம் அவசரம் இல்லாவிட்டால் டவுன் பஸ். மாசக் கடைசியில் எவ்வளவு அவசரமானாலும் டவுன் பஸ். ஸ்டாப்பில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தே தேதி சொல்லலாம். அப்பாவின் தோல் பை மாதிரி இது என் காலண்டர்.

இதை ஓசிப் பயணம் என்று சொல்கிறவர்கள் எங்கள் கடையிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் வாதாடுவதில்லை. பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் கழுத்தளவு கடலில் மூழ்கிப் பாசி எடுத்துச் சம்பாதிக்கிற காசிலிருந்து பஸ்ஸுக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடிப்பதில் யாருக்கு என்ன எரிச்சல் என்று எனக்குப் புரியவில்லை. ஒன்று மட்டும் நான் கண்ணால் பார்த்தேன். முன்பெல்லாம் வாரம் ஒரு நாள், ஒரே ஆள், தெருவுக்கே சேர்த்துச் சாமான் வாங்கிக்கொண்டு வருவாள். இப்போது அரண்மனைப் பக்கம் சும்மா வளையல் பார்க்க வந்தோம் என்று இரண்டு கிழவிகள் சேர்ந்து வருகிறார்கள். பனங்கிழங்கு சீசனில் கட்டு கட்டாகக் கொண்டு வந்து விற்றுவிட்டு மத்தியானமே திரும்புகிறார்கள்.

அப்பாவுக்குத்தான் முதலில் இது பிடிக்கவில்லை. டிக்கெட் போடாமல் ஆள் ஏற்றுவது முப்பத்து மூன்று வருடப் பழக்கத்துக்கு விரோதம். "கணக்குல வராத ஆளு வண்டியில இருக்கக்கூடாது" என்று புலம்பிக்கொண்டிருந்தார். ஒரு நாள் என் கைப்பையிலிருந்து மெஷின் டிக்கெட் ஒன்றை எடுத்துக் காட்டினேன். கட்டணம் இல்லை, ஆனால் டிக்கெட் உண்டு. இதை எண்ணித்தான் அரசு கழகத்துக்குப் பணம் கொடுக்கிறது என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "அப்ப சரி" என்றார். அதற்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

2022 டிசம்பரில் பழைய ரயில் பாலத்தில் ஓட்டத்தை நிறுத்தினார்கள். புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6ந் தேதி திறக்கும்வரை ரயில்கள் மண்டபத்தோடோ ராம்நாட்டோடோ நின்றுவிட்டன. பெட்டியும் படுக்கையுமாக இறங்கியவர்கள் எல்லாம் பஸ்ஸைத் தேடினார்கள். எழுபதுகளில் ரோடு மண்டபத்தோடு நின்றது, ஜனங்களை ரயில் தூக்கிக்கொண்டு போனது. இந்தத் தடவை தண்டவாளம் நின்றது, பஸ் தூக்கிக்கொண்டு போனது. அப்பாவுக்கு இதில் ஒரு அலாதி சந்தோஷம். ஏதோ பழைய கடனை அவரே அடைத்த மாதிரி தெருவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

புது ரயில் பாலம் திறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை அழைத்துக்கொண்டு தனுஷ்கோடி கிளம்பினேன். முன்பு பஸ் முகுந்தராயர் சத்திரத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து மணலில் வேனில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். 2017லிருந்து அரிச்சல்முனை வரை ரோடு. அப்பா அது வரைக்கும் பஸ்ஸில் போனதே இல்லை. உச்சிப்புளியில் கூட்டம். யாரோ ஒரு தம்பி பெரியவருக்கு ஜன்னலோர சீட்டை விட்டுக்கொடுத்தான். மண்டபம் தாண்டிப் பாலத்தில் ஏறியதும் வழக்கம்போல எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு இடது பக்கம் சாய்ந்தார்கள். நடுவில் புதுப் பாலத்தின் தூக்கும் பகுதி, இரண்டு கோபுரங்களுக்கு நடுவே, வெயிலில் பளபளத்தது. காற்று அப்பாவின் நரைமுடியைக் கலைத்தது.

அத்தனை வருடம் பார்க்காமல் விட்ட கடலாயிற்றே, என்ன நினைக்கிறார் என்று அறிய அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கண் கண்டக்டர் மேல் இருந்தது. அந்தப் பையன் முன் படிக்கட்டில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பின்னாடி நாலு பேருக்கு இன்னும் டிக்கெட் போடல" என்றார் அப்பா, என் காதில். "பாதிப் பாலம் வந்தாச்சு."