அறிவியல் புனைகதைத் தாள்: கதை சொல்லாமல் விடை எழுதுவது எப்படி?

அறிவியல் புனைகதையை நாவலிலும் திரைப்படத்திலும் சேர்த்துப் படிக்கும் திறனாய்வுத் தாளில் மதிப்பெண் குறைவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். விடையில் பாதி கதைச்சுருக்கமாகப் போய்விடும். மீதிப் பாதியில் கோட்பாட்டாளர்களின் பெயர்கள் வரிசையாக நிற்கும். இரண்டும் ஒன்றையொன்று தொடாது. ஒரு வாக்கியத்தையோ ஒரு ஷாட்டையோ எடுத்துவைத்து, அது வாசகரிடம் என்ன வேலை செய்கிறது என்று காட்டினால்தான் இரண்டும் ஒட்டும். தயாரிப்பு முழுவதையும் அதை நோக்கியே அமைத்துக்கொள்ளுங்கள்.

கோட்பாட்டில் திறனாய்வாளர் டார்கோ சுவினிடமிருந்து தொடங்குவது நல்லது. 1979-இல் வந்த அவருடைய நூலின்படி, அந்நியமாக்கலும் (பழகியதை விசித்திரமாகக் காட்டுவது) அறிவுசார் தர்க்கமும் சேர்ந்து இயங்கும் இடத்தில்தான் இந்த வகைமை இருக்கிறது. கதையுலகை நம் உலகிலிருந்து பிரிக்கும் அந்தப் புதிய பொருளை அல்லது நிலைமையை அவர் 'நோவம்' என்கிறார். அந்தச் சொல்லை ஜெர்மன் தத்துவவாதி எர்ன்ஸ்ட் பிளாக்கிடமிருந்து எடுத்தார். அந்நியமாக்கல் என்ற கருத்துக்கு ரஷ்யத் திறனாய்வாளர் ஷ்க்ளோவ்ஸ்கியும் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டும் முன்னோடிகள். வரையறையை மனப்பாடம் செய்வதோடு நிறுத்தாமல், படிக்கும் ஒவ்வொரு படைப்பிடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதில் நோவம் எது? அதனால் அந்த உலகில் வேறு எவையெல்லாம் மாறியிருக்கின்றன? எழுதப்பட்ட காலத்தில் இயல்பாகத் தோன்றிய எந்த வழக்கம் இப்போது விசித்திரமாகத் தெரிகிறது? முதல் இரண்டை எல்லோரும் எழுதிவிடுவார்கள். விடையின் கனம் மூன்றாவதில்தான் இருக்கிறது.

எச். ஜி. வெல்ஸின் 1898 நாவலான 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' இதற்கு எடுப்பான சான்று. பூமியைத் தாக்கும் செவ்வாய்க்காரர்களும் அவர்களுடைய வெப்பக்கதிரும் நோவம் என்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். முதல் அத்தியாயத்திலேயே கதைசொல்லி, செவ்வாய்க்காரர்களைக் கடுமையாகத் தீர்ப்பிடும் முன் நம் இனம் செய்த அழிவுகளை நினைக்க வேண்டும் என்று சொல்லி, ஐரோப்பியக் குடியேறிகளால் டாஸ்மானியப் பழங்குடியினர் ஐம்பது ஆண்டுகளில் துடைத்தெறியப்பட்டதாகக் குறிப்பிடுகிறார். பிரிட்டிஷ் பேரரசின் தலைநகரில் இருக்கும் வாசகர், பேரரசால் நசுக்கப்பட்டவரின் இடத்தில் உட்கார வைக்கப்படுகிறார். இந்த ஒரு பத்தியைப் பிடித்தால் காலனியம் பற்றிய ஜான் ரீடரின் 2008 நூலும் தானாக வந்து சேரும். 1953 திரைப்படம் கதையைக் கலிஃபோர்னியாவுக்கு நகர்த்திப் பனிப்போர்ச் சூழலில் வைத்தபோது அந்தக் காலனியத் தலைகீழாக்கம் என்ன ஆனது என்று கேட்டால், ஒப்பீட்டு வினாவுக்கும் விடை தயார். 'வெல்ஸ் லேசரை முன்கூட்டியே கணித்தார்' என்பது போன்ற வரிகளைத் தவிர்த்துவிடுங்கள். கணிப்பு பலித்ததா என்று சரிபார்ப்பது திறனாய்வு ஆகாது.

சுவினைச் சொல்லும் இடத்தில் அவருக்கு எதிரான வாதமும் வர வேண்டும். 'விவாதிக்க' என்ற வினாவுக்கு வரையறை மட்டும் விடையாகாது. கார்ல் ஃப்ரீட்மன் 2000-இல் ஒரு நுட்பமான திருத்தம் செய்தார்: அறிவியல் உண்மையிலேயே சரியா என்பதைவிட, பிரதி தன் கற்பனையைத் தர்க்கபூர்வமானதாகத் தோன்றச் செய்கிறதா என்பதே முக்கியம். சைனா மியேவில் 2009-இல் இதையும் கேள்விக்கு உட்படுத்தினார்: 'அறிவு' என்ற அதிகாரத்தை யார் யார்மேல் செலுத்துகிறார்கள் என்பது அவர் கேள்வி. இந்த மூவரையும் ஒரே பத்தியில் ஒரு உரையாடல்போல வைத்தால் போதும். கோட்பாட்டுக்கு இதற்குமேல் இடம் கொடுத்தால் படைப்புக்கு இடமிருக்காது.

உரைநடையை நுணுகிப் படிக்க எழுத்தாளர் சாமுவேல் டிலேனி கற்றுத்தரும் ஒரு பயிற்சி போதும். 'அவளுடைய உலகம் வெடித்துச் சிதறியது' என்ற வரி நடப்பியல் நாவலில் மனவேதனை. அறிவியல் புனைகதையில் ஒரு கிரகமே சிதறியிருக்கலாம். ஆக, இந்த வகைமையின் வாசகர் ஒவ்வொரு வரியிலும் இரண்டு பொருளையும் திறந்துவைத்துக்கொண்டு படிக்கிறார். பயிற்சி இப்படி: நாவலின் முதல் மூன்று பக்கங்களில் விளக்கமில்லாமல் வரும் சொற்களையும் பொருள்களையும் அடிக்கோடிடுங்கள். பத்துப் பதினைந்து கிடைக்கும். ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்தில் தெளிவாகிறது, யார் வாயால் தெளிவாகிறது, எது கடைசிவரை தெளிவாகவே இல்லை என்று பக்கத்தில் குறியுங்கள். பாத்திரங்கள் எதைக் கண்டு வியக்கவில்லை என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். அவர்கள் வியக்காத இடத்தில்தான் அந்த உலகம் உண்மையாகிறது. ஒரு நாவலுக்கு இந்த ஒரு தாள் குறிப்பு, இருபது பக்கச் சுருக்கத்தைவிடத் தேர்வறையில் உதவும்.

திரைப்படத்தை மூன்று முறை பாருங்கள். முதல் முறை பேனா வேண்டாம். இரண்டாம் முறை முக்கியக் காட்சிகளின் நேரத்தை மட்டும் எழுதுங்கள். மூன்றாம் முறை மூன்று நான்கு நிமிடக் காட்சி ஒன்றை மட்டும் எடுத்து, ஷாட் ஷாட்டாக அட்டவணை போடுங்கள்: ஷாட்டின் அளவு, கேமரா அசைவு, ஒலி, ஃப்ரேமுக்குள் புதியது எது, பழையது எது. புதியது எது, பழையது எது என்ற கடைசி நெடுவரிசையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். 'பிளேட் ரன்னர்' படம் எதிர்கால நகரத்தைக் காட்டினாலும், அதில் ஒரு பாத்திரத்தின் வீடாக வருவது 1893-இல் கட்டப்பட்ட பிராட்பரி கட்டடம். பழைய கட்டடத்தின்மேல் புதிய குழாய்களும் விளக்குகளும் ஒட்டப்பட்ட அந்தக் கலவைதான் படத்தின் வாதமே. பிரெஞ்சு இயக்குநர் கோதார் 1965-இல் 'ஆல்ஃபவில்'லை அன்றைய பாரிஸிலேயே எடுத்தார், எதிர்கால செட் எதுவும் போடவில்லை. இந்த இரண்டையும் அருகருகே வைத்தால், படத்தில் நோவம் எங்கே இருக்கிறது, பொருளிலா அல்லது பார்க்கும் விதத்திலா என்ற நல்ல கேள்வி எழும். அறிவியல் புனைகதைத் திரைப்படம் பற்றிய விவியன் சோப்சாக்கின் 1987 நூலை இந்த இடத்தில் படித்தால் பலன் அதிகம்.

எந்தப் பதிப்பைப் பார்த்தீர்கள் என்று எழுதாவிட்டால் விடை ஆட்டம் காணும். 'பிளேட் ரன்னர்' 1982-இல் திரையரங்கில் வந்தபோது நாயகனின் வாய்ஸ் ஓவரும் மலைப்பாதையில் முடியும் இதமான இறுதியும் இருந்தன. 1992 பதிப்பு இரண்டையும் நீக்கி, ஒற்றைக்கொம்புக் குதிரைக் கனவைச் சேர்த்தது. 2007-இல் இறுதிப் பதிப்பு வந்தது. கடைசியில் கிடைக்கும் காகித ஒற்றைக்கொம்புக் குதிரைக்கு, அந்தக் கனவு இருந்தால் ஒரு பொருள், இல்லாவிட்டால் வேறு பொருள். செயற்கை மனிதர்களை வேட்டையாடும் நாயகனே செயற்கை மனிதனா என்ற விவாதம் முழுக்க இதில் தொங்குகிறது.

தழுவல் வினாவில் 'நாவலுக்குப் படம் விசுவாசமாக இருக்கிறதா' என்ற பாதையில் போனால் சீக்கிரமே முட்டுச்சந்து வரும். மாற்றம் எந்தக் கேள்வியை மாற்றிவிட்டது என்று தேடுங்கள். டெட் சியாங்கின் 1998 குறுநாவலும் அதிலிருந்து 2016-இல் வந்த 'அரைவல்' படமும் இதற்கு மிகப் பொருத்தம். இரண்டிலும் ஒரு தாய், வேற்றுக்கிரகவாசிகளின் மொழியைக் கற்று, தன் எதிர்காலத்தை முன்பே அறிகிறாள். குறுநாவலில் அவள் மகளை 'நீ' என்று அழைத்து, மகளின் வாழ்க்கையை நினைவுகூர்வதுபோலவே, ஆனால் எதிர்கால வினைகளில் சொல்கிறாள். இலக்கணமே தொடக்கத்திலிருந்து ரகசியத்தை வெளியில் வைத்துவிடுகிறது. படத்துக்கு அந்த வசதி இல்லை, ஏனென்றால் ஷாட்டுக்கு வினைச்சொல்லைப் போலக் காலம் காட்டும் உறுப்பு கிடையாது. முதல் நிமிடங்களில் மகளின் பிறப்பையும் இறப்பையும் பார்க்கும் நாம், படத்தொகுப்பு மரபின் பழக்கத்தால் அதைக் கடந்தகாலம் என்று எடுத்துக்கொள்கிறோம். படம் அந்தப் பழக்கத்தையே திருப்பமாக்குகிறது. இன்னொரு மாற்றம் அதைவிடக் கூர்மையானது. குறுநாவலில் மகள் மலையேறும்போது விபத்தில் இறக்கிறாள், படத்தில் நோயால். விபத்தைத் தடுத்திருக்கலாம். முன்பே தெரிந்தும் தடுக்காமல் இருப்பது என்றால் என்ன என்ற, மனிதரின் தேர்வுச் சுதந்திரம் பற்றிய கேள்வி அங்கே முழு வலிமையோடு நிற்கிறது. நோய் என்றதும் அது துயரத்தை ஏற்றுக்கொள்ளும் கேள்வியாக மாறிவிடுகிறது. ஒளி, மிகக் குறைந்த நேரம் எடுக்கும் பாதையில் செல்லும் என்ற ஃபெர்மா கோட்பாடு குறுநாவலின் முதுகெலும்பு. படம் அதைப் பின்னுக்குத் தள்ளி, உலக நாடுகளின் நெருக்கடியை முன்னால் கொண்டுவருகிறது. இந்த மூன்று மாற்றங்களே ஒரு முழு விடை.

தேர்வறையில் ஒரு கட்டுரைக்கு 45 நிமிடம் என்றால், 8 நிமிடம் திட்டமிட, 32 நிமிடம் எழுத, 5 நிமிடம் திருத்த. கதையைச் சொல்ல மூன்று வாக்கியங்களுக்கு மேல் எடுக்காதீர்கள். நீண்ட மேற்கோள் மறந்துபோகும், தப்பாகவும் வரும். ஐந்தாறு சொல் கொண்ட சிறு துண்டுகள் போதும். படத்துக்கு மேற்கோளின் இடத்தில் ஒரு ஷாட்டின் துல்லியமான விவரிப்பு வரட்டும்.

'அறிவியல் புனைகதை எதிர்காலத்தைப் பற்றியதா?' என்ற சாயலில் ஒரு வினா வந்தால் தயங்காமல் எடுங்கள். திறனாய்வாளர் ஃபிரெட்ரிக் ஜேம்சன் 1982 கட்டுரையில், இந்த வகைமை நம் நிகழ்காலத்தையே இனி வரப்போகும் ஒன்றின் கடந்தகாலமாக மாற்றிக் காட்டுகிறது என்று வாதிட்டார். முதல் பத்தியில் படைப்பு வெளிவந்த ஆண்டையும் அந்த ஆண்டின் ஒரு குறிப்பிட்ட கவலையையும் எழுதுங்கள், இரண்டாவதில் ஜேம்சனை வையுங்கள், மூன்றாவதிலிருந்து உங்கள் அட்டவணையில் உள்ள ஷாட்டுக்கோ அடிக்கோடிட்ட வாக்கியத்துக்கோ நேராகப் போய்விடுங்கள்.