ராத்திரி 12 மணிக் கஞ்சி
லவ் பேர்ட்ஸ் என்றாலே எல்லோரும் பட்ஜி என்ற சின்னக் கிளியைத்தான் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் இருப்பது ஆப்பிரிக்கன், பீச் ஃபேஸ் என்ற குட்டிக் கிளி வகை. குஞ்சுகளுக்கு 18 நாள் ஆனபோது தாயே அவற்றின் முதுகு இறகைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டது. வேறு வழியில்லாமல் மூன்றையும் ஐஸ்கிரீம் டப்பாவில் டிஷ்யூ விரித்து எடுத்து வைத்தேன்.

அவற்றுக்கு ஊட்டக் கஞ்சி கலக்குவதுதான் பெரும்பாடு. 39, 40 டிகிரியில் இருக்க வேண்டும். சூடு கூடினால் குஞ்சின் தீனிப்பை, அதாவது தீனி தங்கும் கழுத்துப் பை, வெந்துவிடும். ஆறிப்போனால் சரியாக இறங்காமல் உள்ளேயே புளிக்கும். முதல் நாள் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை, அப்புறம் தெர்மாமீட்டர் வாங்கினேன்.

குஞ்சின் இடப்பக்க அலகோரமாக சிரிஞ்சை வைத்து, வலப்பக்கம் பார்த்து மெதுவாக அழுத்த வேண்டும். மூச்சுக்குழலுக்குள் போனால் அவ்வளவுதான். தலையை ஆட்டி ஆட்டிக் குடிக்கும். கழுத்தடியில் தீனிப்பை குட்டி பலூன் மாதிரி உப்பும், மெல்லிய தோலுக்குள் கஞ்சி தெரியும். அது வற்றிய பிறகுதான் அடுத்த வேளை.

"உன்னை வளர்க்கக்கூட நான் இப்படி முழிக்கலடா" என்கிறார் அம்மா.

ஏழாவது வாரம் இது. இன்று கடைக்குட்டி சிரிஞ்சைத் தள்ளிவிட்டுத் தினையைக் கொறித்துக்கொண்டிருக்கிறது. கலக்கிய கஞ்சி அப்படியே இருக்கிறது.