மஹனின் கடிதங்கள் மஹன் பெட்டியில் இல்லை

பாலிடெக்னிக்கில் இன்ஜினியரிங் டிராயிங்கும் சர்வேயும் சொல்லிக் கொடுத்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு மகளோடு நியூஜெர்சியில் இருந்த காலத்தில், சிவில் இன்ஜினியரிங் எப்படிக் கல்லூரிப் பாடமாக ஆனது என்று படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்காவைப் பொறுத்தவரை எங்கே தொட்டாலும் ஒரே பெயர் வந்து நின்றது: டென்னிஸ் ஹார்ட் மஹன், வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரிப் பேராசிரியர். அவருடைய புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மனிதரைத் தெரிந்துகொள்ளக் கடிதங்களைத்தான் தேட வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டு ஆசிரியர் ஒருவரைத் தேடும் யாருக்காவது உதவும் என்று நான் போன வழியை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஆளைப் பற்றி. 1802இல் நியூயார்க்கில் பிறந்தார். அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். வளர்ந்தது வர்ஜீனியாவில் உள்ள நார்ஃபோக்கில். மருத்துவம் படிக்கத் தொடங்கியவருக்குப் படம் வரைவதில்தான் உயிர். வெஸ்ட் பாயின்டில் டிராயிங் கற்றுத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் அங்கே சேர ஆசைப்பட்டாராம். டிராயிங் வாத்தியாரான எனக்கு இது ஒன்றே போதுமாக இருந்தது. 1824இல் வகுப்பில் முதலாவதாகத் தேறினார். 1826இல் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டு, பிரான்சின் மெட்ஸ் நகரில் இருந்த ராணுவப் பொறியியல் பள்ளியில் படித்தார். திரும்பி வந்து 1832 முதல் 1871 வரை, 39 வருடம், ராணுவப் பொறியியலும் சிவில் பொறியியலும் நடத்தினார். கிராண்ட், ஷெர்மன், ஸ்டோன்வால் ஜாக்சன், மெக்லெல்லன் எல்லாரும் அவருடைய மாணவர்கள். பின்னால் அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரண்டு பக்கமும் நின்று படை நடத்தியவர்கள் ஒரே வகுப்பறையிலிருந்து போனவர்கள். அவர் மட்டும் எந்தப் போரிலும் படை நடத்தியதில்லை.

ராணுவக் கல்லூரியில் சிவில் பாடமா என்று தோன்றலாம். அந்தக் காலத்தில் இரண்டுக்கும் நடுவே பெரிய சுவர் கிடையாது. நம் ஊர்க் கொள்ளிடத்தில் அணை கட்டிய ஆர்தர் காட்டனும் அடிஸ்கோம்ப் ராணுவப் பள்ளியில் படித்த ராணுவ இன்ஜினியர்தானே.

தேடலை இரண்டு அச்சு ஆதாரங்களிலிருந்து தொடங்கினேன். ஒன்று, ஜார்ஜ் கல்லம் தொகுத்த பட்டதாரிகள் பதிவேடு. வெஸ்ட் பாயின்டில் தேறிய ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு எண். எந்த வருடம் எங்கே வேலை பார்த்தார் என்ற விவரமும் உண்டு. இன்னொன்று, மஹனின் மாணவர் ஹென்றி அபட் தேசிய அறிவியல் அகாதமியில் 1878இல் வாசித்த நினைவுக் கட்டுரை. 1863இல் அந்த அகாதமி தொடங்கியபோதே மஹன் உறுப்பினர். இந்த இரண்டையும் வைத்து வருடவாரியாக ஒரு அட்டவணை போட்டுக்கொண்டேன். ஒரு வரியில் தேதி, ஒரு வரியில் ஊர், ஒரு வரியில் அப்போது அவருக்கு மேலதிகாரி யார். இந்த மூன்றாவது வரியின் அருமை பின்னால்தான் தெரிந்தது.

அடுத்து காப்பகப் பட்டியல்கள். மஹன் என்று தட்டினால் வந்து குவிவதெல்லாம் மகன் ஆல்ஃப்ரெட் தேயர் மஹனைப் பற்றியவை. 1890இல் கடல் வல்லமை பற்றிப் புத்தகம் எழுதி உலகப் புகழ் பெற்ற கடற்படை அதிகாரி அவர். போதாக்குறைக்கு, அப்பாவின் பெயரையே முழுதாகத் தாங்கிய இன்னொரு மகனும் கடற்படையில் இருந்தார். அதனால் 1871க்குப் பிந்தையதை எல்லாம் ஒதுக்கிவிட்டுத்தான் தேட முடிந்தது.

அப்படி ஒதுக்கியும் மஹன் பெயரில் கிடைத்தது கொஞ்சம்தான். இங்கேதான் நான் எல்லாருக்கும் சொல்ல விரும்பும் விஷயம் வருகிறது. ஒருவர் எழுதிய கடிதம் அவர் வீட்டில் இருக்காது, வாங்கினவர் வீட்டில்தான் இருக்கும். மஹன் யாருக்கு எழுதியிருப்பார்? என் அட்டவணையின் மூன்றாவது வரி பதில் சொன்னது. சில்வானஸ் தேயர், 1817 முதல் 1833 வரை கல்லூரியின் தலைவர். மஹனைக் கண்டெடுத்து, மாணவராக இருக்கும்போதே கணக்குச் சொல்லிக் கொடுக்க வைத்து, ஐரோப்பாவுக்கும் அனுப்பியவர் அவர். மகனுக்கு நடுப்பெயராகத் தேயரின் பெயரையே வைத்திருக்கிறார் என்றால் எவ்வளவு மரியாதை இருந்திருக்க வேண்டும்! சரி, தேயரின் காகிதங்கள் இருக்கும் பெட்டிகளைக் கேட்டேன். மஹனின் எழுத்து அங்கே இருந்தது.

அரசாங்கப் பக்கமும் அப்படித்தான். 1838 பிப்ரவரியில் வெஸ்ட் பாயின்டில் பெரிய தீ விபத்து. ஆரம்பகாலப் பதிவுகளில் பெரும்பகுதி அதில் போய்விட்டது. ஆனால் கல்லூரியிலிருந்து வாஷிங்டனுக்குப் போன கடிதங்கள் அங்கே பத்திரமாக இருந்தன. 1805 முதல் 1866 வரை சேர விண்ணப்பித்தவர்களின் காகிதங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் மைக்ரோஃபிலிமாக உள்ளன. மஹன் சேர்ந்த 1820இல் போர்த்துறைச் செயலர் ஜான் கால்ஹூன். சிபாரிசுகள் எல்லாம் அவர் பெயருக்குத்தான் போயிருக்கின்றன. வம்சாவளி தேடும் தளங்களிலும் இவை உண்டு. பொது நூலகக் கணினியில் உட்கார்ந்தால் சந்தா கட்டாமல் பார்த்துவிடலாம்.

வெஸ்ட் பாயின்ட் இன்றும் ராணுவ வளாகம். நினைத்தவுடன் உள்ளே போக முடியாது. எந்தப் பெட்டி, எந்த ஃபோல்டர் என்று பட்டியல் எண்ணோடு நூலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி நாள் வாங்கிக்கொண்டு, பாஸ்போர்ட்டோடு போனேன். வாசலில் சோதனை முடித்து அனுமதிச் சீட்டு தந்தார்கள். சிறப்புச் சேகரிப்பு அறையில் பேனா கூடாது, பென்சில் மட்டும். பையை வெளியே வைத்துவிட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு ஃபோல்டர்தான் மேசைக்கு வரும், உள்ளே இருக்கும் வரிசையைக் கலைக்கக் கூடாது. ஃபிளாஷ் இல்லாமல் ஃபோனில் படம் எடுக்கலாம் என்றார்கள். ஒவ்வொரு படத்துக்கு முன்பும் பெட்டி எண், ஃபோல்டர் எண் எழுதிய துண்டுச் சீட்டை ஒரு படம் எடுத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும்போது அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

அக்காலக் கடிதம் கையில் வந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? பெரும்பாலும் உறை கிடையாது. பெரிய தாளை இரண்டாக மடித்து, மூன்று பக்கம் எழுதி, நான்காவது பக்கம் வெளியே வரும்படி மேலும் மடித்து அதில் முகவரி. அரக்கு வைத்து ஒட்டிய இடம், பிரித்தபோது கிழிந்து, நாலைந்து சொற்களைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும். அரக்குத் துண்டிலேயே அந்தச் சொற்கள் ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு, திருப்பிப் பாருங்கள். மை பழுப்பேறி, பின்பக்க எழுத்து முன்பக்கத்தில் தெரியும்.

எழுத்தைப் படிக்கப் பழகத்தான் நாள் பிடித்தது. எஸ் இரண்டு சேர்ந்து வந்தால் முதல் எஸ் எஃப் போலவே இருக்கும். தேதிக்குப் பக்கத்தில் இன்ஸ்ட் என்றிருந்தால் இந்த மாதம், அல்ட் என்றிருந்தால் போன மாதம். இது தெரியாவிட்டால் கடிதங்களின் வரிசையே புரண்டுவிடும். தெளிவாகத் தெரிந்த சொற்களிலிருந்து அவருடைய ஒவ்வொரு எழுத்தையும் பார்த்து வரைந்து ஒரு அட்டவணை செய்துகொண்டேன். புரியாத சொல்லில் முட்டிக்கொண்டு நிற்காமல் கோடு போட்டுவிட்டு மேலே போய்விடுவேன். அடுத்த பக்கத்தில் அதே சொல் நன்றாக எழுதப்பட்டு வந்துவிடும்.

அச்சுப் பக்கங்களையும் விட்டுவிடாதீர்கள். சரியான பாடப்புத்தகம் இல்லாத காலத்தில் மஹன் தன் பாடக் குறிப்புகளைக் கல்லச்சில் (லித்தோகிராஃபியில்) அடித்து மாணவர்களுக்குக் கொடுத்திருக்கிறார். அப்படி வளர்ந்தவைதான் 1836இல் வந்த களக் காப்பரண் (போர்க்களத்தில் கட்டும் மண் அரண்) நூலும், 1837இல் வந்த சிவில் இன்ஜினியரிங் நூலும். காப்பரண் நூலின் மடிப்புப் படங்களை விரித்தால் மண் மேட்டின் குறுக்குவெட்டு, பக்கத்தில் அகழி. அகழியில் வெட்டும் மண்ணே மேட்டுக்குச் சரியாக இருக்க வேண்டும். அதற்கு அகழியின் அகலத்தைக் கணக்குப் போடச் சொல்கிறார். படத்தை என்னோடு வேலை பார்த்த மூத்த ஆசிரியருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். “ஏம்மா, இது நம்ம எர்த்வொர்க் கணக்குதானே? ரோடு போடறதுக்குப் பதிலா கோட்டை கட்டறார்.” “ஆமா சார், அதேதான்” என்றேன். இருவரும் வெகுநேரம் அந்தப் படத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். கோடுகளின் தடிமன் வேறுபாடு, நிழல் காட்டிய விதம் எல்லாம் அவ்வளவு சுத்தம்.

மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘ஓல்ட் காபன் சென்ஸ்’ (Old Cobbon Sense). எப்போதும் மூக்கடைப்போடு பேசுவாராம்; பொது அறிவைப் (காமன் சென்ஸ்) பயன்படுத்து என்று சொல்லாத வகுப்பே இல்லையாம். மூக்கடைப்பில் ‘காமன்’ என்பது ‘காபன்’ என்று கேட்குமாம். போர்முறைக்கும் அதே பாடம்தான்: விதியை மனப்பாடம் செய்யாதே, நிலத்தைப் பார்த்து யோசி.

அவருடைய முடிவு வேதனையானது. கல்லூரியைப் பார்வையிடும் குழு அவருக்கு ஓய்வு தரப் பரிந்துரைத்தது. 1871 செப்டம்பர் 16 அன்று ஹட்சன் ஆற்றில் கப்பலில் போகும்போது உயிரை மாய்த்துக்கொண்டார். வகுப்பறையே வாழ்க்கையாக இருந்தவர். பழைய செய்தித்தாள்களில் தேடினால் இந்தச் செய்திதான் முதலில் வரும். தேடுபவர்கள் அங்கே தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கடைசி நாளை வைத்து அந்த 39 வருடத்தைப் படிக்கத் தொடங்கினால், மெட்ஸில் படித்த இளைஞரையும் கல்லச்சுத் தாளில் பாடம் தயாரித்த ஆசிரியரையும் தவற விட்டுவிடுவோம்.

இப்போது தேயருக்கு எழுதிய கடிதங்களைத் தேதி வரிசையில் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். அடுத்து மாணவர்களின் பெட்டிகள். ஷெர்மனின் காகிதங்கள் வாஷிங்டனில் நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. வாத்தியாரிடமிருந்து அவருக்கு ஏதாவது வந்ததா என்று பார்க்க வேண்டும்.