ஈசிஆரிலேயே ஒரு சுற்று

அந்தமான் போகலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் ஓடிய பேச்சு, விமான டிக்கெட் விலையைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. சரி, நம்ம சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலை, அதாவது ஈசிஆரிலேயே முடித்துக்கொள்வோம் என்று கிளம்பினோம். மாநகரப் பேருந்து, கட்டிக்கொண்டு போன எலுமிச்சை சாதம், அவ்வளவுதான் ஏற்பாடு.

முதலில் வடநெம்மேலி முதலைப் பண்ணை. 1976-இல் பாம்பு, முதலை ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கியது. முதலைகள் வாயைப் பிளந்தபடி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. கோபமெல்லாம் இல்லை, உடம்புச் சூட்டைத் தணிக்கத்தான். கரியால் என்கிற நீளமூக்கு முதலையில், வளர்ந்த ஆணுக்கு மூக்கு நுனியில் சொம்பைக் கவிழ்த்தது மாதிரி ஒரு புடைப்பு! திங்கட்கிழமை விடுமுறை, பார்த்துப் போங்கள்.

முட்டுக்காடு மிதிபடகு சுமார்தான். கோவளம் அலைச்சறுக்குதான் கொண்டாட்டம். பலகையை மணலில் போட்டு, குப்புறப் படுத்து, கையை ஊன்றி ஒரே தாவலில் எழுந்து நிற்கப் பழக்கினார்கள். மணலில் எல்லோரும் சூரர்கள். தண்ணீரில் இறங்கியதும் மூக்கெல்லாம் உப்பு. சொல்லிக்கொடுத்த மீனவக் குடும்பத்துத் தம்பி திரும்பிக்கூடப் பார்க்காமல் "இப்ப வருதுண்ணா, எந்திரி!" என்பார், சொன்னபடி அலை வரும்.

இரவு நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் பக்கமாக ஆமை நடை, அதாவது கடலாமை முட்டைகளைத் தேடிக் கடற்கரையோரம் நடப்பது. மாணவர்கள் 1988 முதல் நடத்திவருகிறார்கள். டார்ச் அடிக்கக் கூடாது. ஆமைச் சுவடு முடிந்த இடத்தில் ஒரு பெண் கம்பால் மெல்லக் குத்திப் பார்த்து, மணல் இளகிய இடத்தைக் கையால் தோண்டினார். தோள்வரை கை உள்ளே போனது. பங்குனி ஆமை முட்டை ஓடு கோழிமுட்டை போல் கெட்டியாக இல்லை, மெத்தென்று இருக்கிறது. எண்ணி எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். குஞ்சு வர ஒன்றரை மாதமாவது ஆகும்.

மார்ச்சுக்குள் மறுபடி போகிறோம். வருகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், சாப்பாடு அவரவர் பொறுப்பு.