கண்ணை நம்பித் தைத்தவர்கள்

இன்று ரோபோ அறுவை சிகிச்சை வீடியோ ஒன்று பார்த்தேன்.

இரண்டு சின்ன இடுக்கிகள். ஒன்று ஊசியைப் பிடிக்க, இன்னொன்று நூலை இழுத்து முடிச்சுப் போடுகிறது. நுனி, மணிக்கட்டு போல எல்லாப் பக்கமும் வளைகிறது.

மருத்துவர் சற்றுத் தள்ளி, முப்பரிமாணத் திரையில் முகம் புதைத்து உட்கார்ந்திருக்கிறார். அவர் கை சில சென்டிமீட்டர் நகர்ந்தால், உள்ளே சில மில்லிமீட்டர்தான் அசையும். விரல் நடுக்கத்தைக் கணினி வடிகட்டிவிடும்.

ரோபோ தானாக வெட்டுவதில்லை. தானாக வெட்டும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள்.

சரி, தொடுவுணர்வு?

டாவின்சி என்ற அறுவை சிகிச்சை ரோபோவுக்கு அமெரிக்காவில் பொது அறுவை சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது 2000இல். திசு எவ்வளவு இழுபடுகிறது என்று கைக்கு உணர்த்தும் வசதி அதில் வந்ததோ, 2024இல் அனுமதி பெற்ற டாவின்சி 5 என்ற புதிய மாடலில்தான்.

அதுவரை நூல் அறுந்துவிடாமல், கண்ணை மட்டுமே நம்பித் தைத்திருக்கிறார்கள் மருத்துவர்கள். அவர்கள் மீது மரியாதை கூடிப்போனது. விடாமல் உழைத்த பொறியாளர்கள் மீதும்தான்.