துரையின் துப்பாக்கி உறை: விலையும் மதிப்பும்

மலாயாவின் சுங்கை சிப்புட்டில் 1948 ஜூன் 16 அன்று எல்ஃபில், ஃபின் சூன் ரப்பர் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள், அதாவது தோட்ட நிர்வாகிகள், சுட்டுக் கொல்லப்பட்டு, கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் தொடங்கிய பின், துரைமார்கள் இடுப்பில் ரிவால்வர் இல்லாமல் பெரட்டுக்கு (தொழிலாளர்களைக் காலையில் கூட்டிப் பெயர் அழைக்கும் இடத்துக்கு) வந்ததில்லை என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். பழைய கைத்துப்பாக்கிகள் மீது எனக்கு ஆர்வம் பிறந்தது அப்படித்தான். ஆனால் மலேசியாவின் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டிய 1971ஆம் ஆண்டின் சட்டமோ அக்குற்றத்துக்கு 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் விதிக்கிறது. ஆகவே நான் துப்பாக்கியை விட்டுவிட்டு, அதன் தோலுறைகளை மட்டுமே சேர்க்கிறேன்.

அண்மையில், காலமான ஒரு தோட்டக் கிராணியின் (எழுத்தரின்) மகன் உறையொன்றை விற்க விரும்பினார். துப்பாக்கி எங்கே என்பதுதான் என் முதல் கேள்வி. "துரை ஊருக்குப் போகும்போதே போலீசில் ஒப்படைத்துவிட்டாராம், அண்ணே, உறையை அப்பாவிடம் கொடுத்தாராம்" என்றார். அதன் பிறகே உறையைக் கையில் எடுத்தேன்.

ரிவால்வரின் தோட்டா உருளை இருந்த இடத்தில் தோல் புடைத்து அப்படியே இறுகியிருந்தது. அந்தப் புடைப்பும் நீளமும் 6 அங்குலக் குழல் கொண்ட, .455 அங்குலக் குண்டளவுள்ள வெப்லி மார்க் 6 ரிவால்வருக்குப் பொருந்தின. 1915இல் பிரிட்டிஷ் இராணுவம் ஏற்ற துப்பாக்கி அது. மூடியின் உட்புறம் பிரிட்டிஷ் அரசுடைமையைக் குறிக்கும் அம்பு முத்திரை மங்கலாகத் தெரிந்தது. முத்திரையைப் புதிதாகக் குத்தி ஏமாற்றுபவர்கள் உண்டு என்பதால், நோட்டுகளைச் சோதிக்கும் புற ஊதா விளக்கைத் தையல் மீது பிடித்தேன்; இக்கால நூல் பெரும்பாலும் அதில் பளிச்சென்று ஒளிரும். இந்த நூல் ஒளிரவில்லை. அது ஒன்றே முடிவான சான்றாகாது என்றாலும், மற்ற அடையாளங்களோடு சேர்ந்தபோது எனக்கு நம்பிக்கை வந்தது.

350 ரிங்கிட் கொடுத்தேன். செலவு அதோடு நிற்பதில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் தோல் பூஞ்சணம் பிடித்துவிடும் என்பதால், ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டிக்கு நான் கொடுத்த விலை உறையின் விலையைவிட அதிகம். பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கச் சொல்பவர்களின் பேச்சை நான் கேட்பதில்லை. மெருகேற்றினால் முத்திரை மேலும் மங்கும், மதிப்பும் குறையும். அந்த மகனிடம் உறை வந்த கதையை எழுதிக் கையொப்பமிட்டுத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். எந்தத் தோட்டம், யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று சொல்லும் அந்தத் தாளை உறையோடு சேர்த்தே வைத்திருக்கிறேன். பின்னாளில் யார் வாங்கினாலும் இரண்டையும் சேர்த்துத்தான் கொடுப்பேன்.